அரளிச் செடிகளுக்கு நடுவே ஒரு வழி

அந்த வழியை எனக்குக் காட்டியதே அவள்தான். ஒரகடத்தில் என் வாடகை அறைக்கு அடுத்த அறையில் இருந்த திருநெல்வேலிப் பெண். கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. நானோ நகரமைப்பு படித்துவிட்டு, சாலையை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கும் சின்ன நிறுவனமொன்றில் சேர்ந்து நாலே மாதம் ஆனவள். பாதசாரிகளைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், நான் நிறுத்த மாட்டேன்.

"இம்புட்டுப் படிச்சிருக்கிய, ரோட்டத் தாண்டத் தெரியலியே. வாங்கக்கா" என்று ஒரு மதியம் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஆறு வழிச் சாலை. நடுத்திட்டில் அரளிச் செடிகள், கம்பி வேலி. ஒரே ஓர் இடத்தில் வேலி இல்லை. ஏறி இறங்க இரண்டு ஹாலோ பிளாக் கற்கள். செடிகளுக்கு நடுவே மண், கால்பட்டுக் கால்பட்டு சிமெண்டுத் தரைபோல வழவழவென்று இருந்தது. எதிர்ப்புறம் கம்பெனி பஸ் நிற்கும் இடம். ஒன்று இருபதுக்கு வரும், யாருக்காகவும் காத்திருக்காது. முறைப்படி கடக்க வேண்டுமென்றால் யூ டர்ன் வரை போய்த் திரும்ப அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

"யாரு போட்ட வழி இது?"

"யாரு போட்டா என்னக்கா, ஆளுக்கொரு கல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடமே இல்லாமல் ஜனங்களே கட்டிய ஒரு கடப்பிடம்! இதுபோல இன்னும் ஐந்து இடங்களை அவள் சொன்னாள். ஷிப்ட் மாறும் நேரங்களில் போய் நின்று, படமெடுத்து, தலைகளை எண்ணினேன். நெடுஞ்சாலைத் துறைக்குப் போகும் எங்கள் படிவத்தில் இரண்டே வகை: அனுமதி பெற்ற கடப்பிடம், அனுமதி பெறாதது. ஆறையும் இரண்டாவதில் போட்டேன். கடைசியில் இருந்த 'குறிப்பு' கட்டத்தில், இங்கே சிக்னல் ஏன் அவசியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆசை ஆசையாக எழுதினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "பாத்தியாம்மா, வழிய அடச்சிட்டானுங்கோ. இன்னும் வெல்டிங் வச்சிக்கினு கீறானுங்க."

இறங்கி ஓடினேன். நெஞ்சுயரத்துக்குப் புத்தம்புதிய இரும்பு வலை. கற்களைக் காணோம். சாலைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் நிழலுக்காக ஒரு தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு சார் அடைக்கச் சொன்னது?"

தாளை நீட்டினார். ஆறு இடங்கள். என் படங்கள். என் எண்கள். குறிப்பு மட்டும் இல்லை.

"கடைசிக் கட்டம் பேப்பர்ல அடங்கலன்னு எடுத்துட்டாங்க மேடம். ஆனா சர்வே எடுத்தது யாரோ, செம வேல! எங்கயும் தேடவே வோணாம், போட்டோவோட கீது. இதோட ஒரே நாள்ல ஆறும் முடிஞ்சிது."

பாராட்டுகிறார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன்.

ஒன்று பத்துக்கு அவள் வந்தாள். பின்னால் யூனிபார்ம் கோட்டோடு நாலைந்து பேர். அந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு லேட். மூன்றாவது விழுந்தால் வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் ஊருக்கே அனுப்பிவிடுவான் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். வலையைப் பார்த்தாள்.

"எக்கா, எந்தப் பய பாத்த சோலி இது?"

"நான்தான்."

சிரித்தாள். "சும்மா கெடங்க."

"நெஜமாதான். நான் எடுத்த லிஸ்ட்ட வச்சுதான் அடைச்சிருக்காங்க."

சிரிப்பு நின்றது. தாளில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்போ நான் காட்டுனதுனாலயா?"

எதிர்ப்புறம் தூரத்தில் பஸ்ஸின் நீல நிறம் தெரிந்தது.

"பேச நேரமில்ல. குனிங்க" என்றாள்.

வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவள் சாப்பாட்டுப் பை தலைக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்தது. என் தோளில் அவள் ஷூ அழுந்தியது. "மேடம், இன்னா பண்றீங்க நீங்க!" என்று சூப்பர்வைசர் கத்தினார். துப்பட்டா கம்பியில் மாட்டிக் கிழியும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் அவள் ஓடும் சத்தம்.

பின்னால் இன்னொருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் நிமிரவில்லை.