தாளவாடியில் மலை மறைத்த கிரகணம்

கடந்த மார்ச் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. சந்திரன் கிரகணத்தோடே உதித்த மாலை அது. கோவையில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியிலிருந்தே பார்த்திருக்கலாம். நகரத்துப் புகையும் வெளிச்சமும் இல்லாத இடம் வேண்டும் என்று, கொங்கு நாட்டின் வடகோடியில், தாளவாடிக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் பண்ணை வீட்டு அறையைப் பதிவு செய்தேன். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். கணக்குப் போடாமல் எங்கும் கிளம்புவதில்லை. இந்த முறை பிசகியது அந்தக் கணக்குதான்.

காலை ஒன்பதுக்கு நானும் ஓட்டுநரும் புறப்பட்டோம். அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, அதற்குமேல் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகள். மொத்தம் நூற்றிருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கு மணி நேரம் ஆனது. வாடகைக் காருக்கு இரண்டு நாளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் ரஃபீக் உக்கடத்துக்காரர். நோன்பு மாதம் என்பதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓட்டினார்.

பண்ணை வீட்டின் உரிமையாளர் சரஸ்வதி அம்மாள். கோபியிலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கி முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மூன்று மணிக்கு மேல், கிரகணம் பிடிக்கிற நேரத்துக்கு, பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார். கிரகணம் இருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாயும் என்பது நம்பிக்கை. அடி தட்டையாக இருந்தால் எந்த நாளிலும் நிற்கும். மதியத்தோடு அடுப்பையும் அணைத்துவிட்டார்கள்.

"அப்ப எல்லாரும் எங்கூடச் சேர்ந்து நோம்புன்னு சொல்லுங்க" என்றார் ரஃபீக்.

"உங்குளுக்கு ஒரு மாசமுங்க, எங்குளுக்கு ஒரு பொழுதுங்க" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

மருமகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். இயற்பியல் படித்தவள். கிரகணம் முடியும்வரை சன்னல் சாத்திய உள்ளறையில் படுத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாமியார் தோட்டத்துப் பக்கம் போன நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? நான் பாத்துப்போட்டு நல்லபடியாப் பெத்துட்டேன்னு வைங்க, கொழுந்தனுக்கு வாரவளை இப்படி அடைக்க மாட்டாங்க. நான் வாயில சொன்னா எடுபடாதுங்க்கா."

பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுவது என் வழக்கமல்ல. அன்று தலையிட்டேன். சரஸ்வதி அம்மாள் நான் பேசியதை முழுக்கக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்க சொந்தப் புள்ளையா இருந்தாக் கூட்டிட்டுப் போவீங்களா?"

எனக்குப் பிள்ளைகள் இல்லை. "போவேங்க" என்றேன்.

அவர் மருமகளின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருவது நிமிசந்தானுங்களே. செரி. இந்த ஒருக்காத்தான், கண்ணு. வந்ததும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கோணும்."

சந்திரன் 6.27க்கு உதயம், 6.47க்குக் கிரகணம் முடிவு. தோட்டத்து ஓரத்தில் கவிதாவுக்கு நாற்காலி போட்டு, கிழக்கே பார்த்துக் காத்திருந்தோம். பொழுது சாய்ந்தது. ரஃபீக் பேரீச்சம்பழப் பொட்டணத்தைப் பிரித்து நோன்பு திறந்தார், கவிதாவிடமும் நீட்டினார்.

"கெரகணத்துல திங்கலாமுங்களா?" என்றாள்.

"நிலாவே வரலையே, தாராளமாத் தின்னுங்க."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே நீண்டு கிடந்த மலைத்தொடரை அப்போதுதான் உண்மையில் பார்த்தேன். உதய நேரம் சமதளத்துக்கானது. இருட்டான வானத்தைத் தேடிய அவசரத்தில், அடிவானம் தெரியுமா என்று யோசிக்கவேயில்லை. பாடம் நடத்தும் வாயால் அதைச் சொல்லவும் முடியவில்லை.

6.47 கடந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் நின்றோம். மலைக்கு மேல் ஒரு வழியாக நிலா ஏறியபோது குறையே இல்லாமல், வட்டமாக இருந்தது.

"முழுசா இருக்குதுங்க்கா" என்றாள் கவிதா. குற்றம் சாட்டும் குரல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாசலில் சரஸ்வதி அம்மாள் உலக்கையைக் கழுவி வைத்திருந்தார். "மணியடிச்ச மாதிரி சாஞ்சுதுங்க. பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க அத்தை. மலை மறைச்சுப்போட்டுது."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி வெந்நீர் விளாவப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: இரவில் திம்பம் பாதையை மூடிவிடுவார்கள், நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், தங்குவதே நல்லது. அறையும் சாப்பாடும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ஆனது. மார்ச்சிலும் ஸ்வெட்டர் வேண்டும். உதிக்கும்போதே பிடித்திருக்கும் கிரகணம் என்றால் மலைக்குப் போகாதீர்கள். கொடுமுடியில் காவிரிக்கரையில் நின்றால் கிழக்கே ஆறும் வெளியும்தான். நான் அங்கே போயிருக்க வேண்டும். 2028 கடைசி நாள் இரவு முழு கிரகணம், சந்திரன் நன்றாக மேலே இருக்கும். அதற்குத் தாளவாடி பொருத்தமான இடம். நாற்காலியைக் கிழக்கே பார்த்துப் போட வேண்டிய அவசியமும் இருக்காது.

இதை எழுத இவ்வளவு தாமதித்ததற்குக் காரணம், ஒரு போனுக்காகக் காத்திருந்தேன். பூமியின் நிழல் எந்தக் குழந்தையையும் தொடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மறு இருந்தாலும் அந்த வீட்டில் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதும் தெரியும். மே மாதம் கவிதா அழைத்தாள்.

"பொண்ணுங்க்கா. ரெண்டே முக்கால் கிலோ. உடம்புல ஒரு மறு கெடையாதுங்க."

"அத்தை என்ன சொல்றாங்க?"

"நான் பாத்துறக் கூடாதுன்னு மலையே குறுக்க நின்னு காப்பாத்துச்சாமுங்க. வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதேதான் பேச்சு."

பிறகு, கொழுந்தனுக்கு ஆவணியில் கல்யாணம், அவசியம் வர வேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன்.