கோழிகள் தின்ற கொழுக்கட்டை

பெங்களூர் அடுகோடியில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரு குழாய். வேதக்காரர் வீடு எங்களுடையது மட்டும். பிள்ளையார் சதுர்த்தி என்றால் எனக்குத் தூறல்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தத் தூறலில், துணி மூடிய தட்டோடு பக்கத்து வீட்டு அத்தை வருவார். எனக்கு டைபாய்டு வந்தபோது அம்மாவோடு மாறி மாறி உட்கார்ந்து என்னைக் காப்பாற்றியவர். காப்பாற்றாமல் விட்டிருந்தால் எங்கள் கொல்லைக் கோழிகளுக்கு ஒரு தொல்லை குறைந்திருக்கும். படையல் முடியும்வரை தங்கள் வீட்டில் யாரும் கொழுக்கட்டையை மோந்துகூடப் பார்க்கக் கூடாது என்று அத்தை மகள் பெருமையடித்துக்கொள்வாள்.

அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்குவாள். கதவு மூடியதும், முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் தவிக்கும். வேறு சாமிக்குப் படைத்ததைத் தின்னலாமா? தின்னும் பண்டத்தை வீசலாமா? வேண்டாமென்று சொல்லி அந்த மனசை நோகடிக்கலாமா? போதகரைக் கேட்டாள். “ஜெபம் பண்ணிட்டு, மனசாட்சி சொல்றபடி செய்ங்கம்மா” என்றார். அம்மாவின் மனசாட்சியோ ஜெபத்துக்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. கொழுக்கட்டை கொல்லைக்குப் போயிற்று. கோழிகள் ஞானஸ்நானம் வாங்கியவை அல்லவே.

“கிறிஸ்மஸுக்கு அந்தக் கோழியத்தானே அடிச்சுத் திங்கப்போறோம்? அப்ப கொழுக்கட்டை யாரு வயித்துல போவுது?” என்பார் அப்பா.

“சும்மா இருங்க. நானே கொழம்பிப்போயிருக்கேன்.”

எனக்கு எட்டு வயதானபோது அந்த வெள்ளைக் கொழுக்கட்டைகள் கனவில் மேகம்போல மிதந்து வர ஆரம்பித்தன. அந்த வருஷம், சிவப்புக் கோழியின் அலகில் இருந்ததைப் பறிக்கப் பாய்ந்தேன். கோழி ஜெயித்தது. அது போட்ட கூச்சலில், குழாயடியில் நின்ற அத்தை எட்டிப் பார்த்தார். வெல்லப் பூரணம் சேற்றில் சிதறிக் கிடந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு குழாயடியில் குடங்கள் மட்டும் பேசிக்கொண்டன. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஒன்ன கேவலமா நெனச்சு செய்யல தங்கச்சி. படைச்சத நாங்க சாப்பிடலாமா கூடாதான்னு எனக்கே தெரியல. தெரியாமத்தான் அப்படிப் பண்ணிட்டேன்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னக்கா?” என்று அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சதுர்த்திக்குத் தட்டு மாலையில் வரவில்லை. காலையிலேயே, ஆவியோடு வந்தது. அத்தைக்குப் பின்னால் மகள் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றாள்.

“இன்னும் படைக்கலக்கா. மொத ஈடு. பயப்படாம சாப்பிடுங்க.”

அம்மா ஆவியையே வெகுநேரம் பார்த்தாள். அந்த முறை யாரையும் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண் கலங்கியது. “சூடு” என்றாள்.

நானும் தின்றேன். கோழியோடு மல்லுக்கட்டிய அளவுக்கு ருசியில்லை. படைக்காததால்தான் குறை என்று முடிவு கட்டி, பெருந்தன்மையோடு அத்தை மகளிடம் ஒன்றை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிப்போனாள். பைத்தியம் என்று நினைத்தேன்.

அன்று அந்த வீட்டுப் பிள்ளையார் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அது பாவமா இல்லையா என்று கேட்க அத்தைக்கு ஒரு போதகர்கூட இல்லை என்பதும் தெரியாது.