அண்ணன் பாட்டு

டெல்ஃபின் படியேறும்போதே அண்ணி அர்லீனின் குரல் கேட்டது.

"வட்டாரத்து மகாராணி வர்றாங்க! நாற்காலியைத் துடைச்சு வைக்கணுமே!"

அடுப்பில் சால்மன் மீன் தலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசம் அண்ணன் வில்ஃப்ரெடையே எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. வசந்தத்தில் கடல் அவனை விழுங்கிவிட்டது. துக்க முறைப்படி அன்றே குடும்பத்தின் பாட்டுகளையும் மேளங்களையும் உள்ளே வைத்துவிட்டார்கள். நினைவு விருந்து கொடுத்து ஊரைக் கூப்பிடும்வரை ஒரு வரிகூட வெளியே வரக் கூடாது.

"அண்ணி, நாளைக்குப் பள்ளிக்கூடத் திறப்பு விழா. மந்திரி வர்றார். பிள்ளைங்க நம்ம குடும்பத்து வரவேற்புப் பாட்டைப் பாடணும்னு மேலதிகாரி க்ரெய்க் அழைப்பிதழிலேயே போட்டுட்டார்."

"அவர் யாரு போட?"

"பாடலேன்னா நம்ம மொழி வகுப்பை எடுத்துடுவாங்க அண்ணி."

கல்வி வட்டாரத்தில் பூர்வகுடிக் கல்விக்குத் தலைமை ஏற்ற நாளிலிருந்து அந்த ஒரு வகுப்புக்காகத்தான் அவள் போராடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகப் பாட்டி அடிவாங்கி மறந்த மொழி அது!

அர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்டி. அவன் உனக்கும் அண்ணன்தானே? நீயே முடிவு பண்ணிக்கோ."

அதைவிட வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மேடையில் பிள்ளைகள் சால்வை போர்த்தி வரிசையாக நின்றார்கள். கீழே கூடத்தில் மூன்றாம் வரிசையில் அர்லீன். மந்திரியின் பக்கத்தில் க்ரெய்க் சிரித்தபடி தலையசைத்தார். டெல்ஃபின் மேளத்தைத் தூக்கினாள். அண்ணன் தோல் இழுத்துக் கட்டிய மேளம்! அடிக்க முடியவில்லை. கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"எங்க வீட்டுல துக்கம். இன்னைக்குப் பாட்டு இல்லை" என்றாள். பிள்ளைகளும் அவளோடு தலை குனிந்தார்கள். வகுப்பு போயிற்று, வேலையும் போகட்டும். கண்ணீர் அவள் கன்னத்தில் தாரையாக வழிந்தது.

திடீரென்று மந்திரி எழுந்து கைதட்டினார். கூடம் முழுக்கக் கைதட்டியது.

க்ரெய்க் மேடைக்கே ஓடி வந்தார். "டெல்ஃபின், பிரமாதம்! மந்திரிக்கு மெய்சிலிர்த்துப் போச்சாம். வகுப்பைப் பத்தி இனி கவலையே படாதீங்க. அடுத்த மாசம் நூலகத் திறப்பு விழாவுக்கும் இதையே வச்சிடலாம். மேளத்தைக் கவிழ்க்கிறீங்களே, அது... அப்புறம் அந்த அழுகை..."

டெல்ஃபின் குனிந்து மேளத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாட்டேன் என்றால் வகுப்பு போகும். சரி என்றால்?

படம் எடுக்க மந்திரி அவளைக் கைகாட்டி அழைத்தார்.

"போடி மகாராணி, கூப்பிடுறாங்க" என்றாள் மேடையோரம் வந்திருந்த அர்லீன். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.