மேடைக்குப் பூ, மாரிக்கு இடமில்லை

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சுவிஸ் நாட்டின் பாடன் நகரில் நாங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்துக்குள் காலை ஆறு மணிக்கு நான் நுழைந்தபோது, துணி அழுத்தும் இயந்திரம் குளிர்ந்து கிடந்தது. பத்தொன்பது வருடங்களாக, விடுமுறை நாட்களைத் தவிர, மனோகரி அக்காதான் எனக்கு முன்னால் வந்து அதைச் சூடாக்கி வைப்பார். ஆறரை மணிக்கு அவருடைய மகள் தர்ஷிகா ரெனான் நகரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. ஹார்ட் அட்டாக்காம்" என்றாள். நான் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அதன் முன்னால் சும்மா நின்றேன்.

அக்காவைப் பற்றி ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை தரும்படி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கோ தங்கச்சி, ஆரின்ரை மனமும் நோகாமல்" என்றார். மனம் நோகாமல் எழுத இன்றைக்கு என்னால் முடியாது. அச்சிடுவதென்றால் ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சிடட்டும். இல்லையென்றால் திருப்பித் தரட்டும்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய பூக்களைத் தெரியும். ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் மேடையின் இரு பக்கமும் ஊதாவும் சிவப்பும் செம்மஞ்சளுமாய்க் குவிந்து நின்ற போகன்வில்லாக்கள் அவருடையவை. ஒன்பது பூச்சாடிகள். அவற்றுக்கு முன்னால் நின்று படம் எடுக்காத குடும்பம் நம்மிடையே இல்லை. அவை நவம்பரில் எங்கே போகின்றன என்று கேட்டவரும் இல்லை.

நானும் கேட்டவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில், அதாவது குளிர்காலத்தில், மகளின் பிரசவத்துக்காக ரெனானுக்குப் போகும்போது அக்கா தன் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். அவருடைய கட்டடத்தின் படிக்கட்டில், மாடிக்கு மாடி இருந்த பெரிய யன்னல்களின் கீழ் அந்தச் சாடிகள் நின்றன. வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. "மூண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒரு கப் தண்ணி. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போய்ப் பார்த்தபோது இலையெல்லாம் கொட்டி, முள்ளும் கம்புமாய் நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் என் வீட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினேன். வெளிறிப்போன தளிர் இரண்டு விட்டது. அக்கா திரும்பி வந்தபோது வேர் அழுகியிருந்தது.

"பாவம் பாத்தே சாகடிச்சுப்போட்டீர், சுபா" என்று சிரித்தார். "அது நித்திரை. நித்திரை கொள்ளுற பிள்ளைக்கு ஆரும் சோறு தீத்துவினமோ?" பிறகு மற்றொரு சாடிக்கு என்னைக் கூட்டிப்போய், ஒரு கம்பைக் காட்டி, "நகத்தாலை சுரண்டிப் பாரும்" என்றார். சுரண்டினேன். சாம்பல் நிறத் தோலுக்குக் கீழே பச்சை. "இப்பிடிப் பாக்காமல் எதையும் பட்டுப்போச்செண்டு சொல்லாதையும்." அழுகிப்போனதற்குப் பதிலாக அடுத்த வருடமே ஒரு கம்பை வேர்விடச் செய்து ஒன்பதைத் திரும்ப ஒன்பதாக்கினார்.

சில வருடங்களின் பின், கட்டட நிர்வாகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. படிக்கட்டில் பொருட்கள் வைப்பது தடை, பத்து நாளுக்குள் அகற்றவும் என்று எழுதியிருந்தார்கள். யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். அதே படிக்கட்டில் பிள்ளைகளின் வண்டிலும் பனிச்சறுக்குப் பலகைகளும் நின்றன, அவற்றுக்குக் கடிதம் வரவில்லை. "போய்க் கேளுங்கோ அக்கா" என்றேன். "விடுமன், அவையளோடை என்ன சண்டை" என்றார். அந்த "விடுமன்" என்ற சொல்லை நான் பத்தொன்பது வருடங்களாக வெறுத்தேன்.

அக்கா சங்கத்திடம் போனார். நானும் கூடப் போனேன். "அண்ணை, மண்டபத்து வாசல் கண்ணாடிப் பக்கம் சும்மாதானே கிடக்கு. வைகாசி வரைக்கும் வைக்கலாமோ?" என்று கேட்டார். செயலாளர் சாடிகளின் படத்தைத் தொலைபேசியில் பார்த்தார்.

"இலையில்லாத கம்பெல்லாம் வாசலிலை நிண்டா வாற ஆக்கள் என்ன நினைப்பினம் அக்கா? பூக்கேக்கை சொல்லுங்கோ, நாங்களே வான் வண்டி கொண்டுவந்து ஏத்துறம்."

சொன்னபடியே ஜூன் மாதம் வான் வந்தது. வெட்கமே இல்லாமல் வந்தது. அக்காவும் ஒன்பதையும் ஏற்றி அனுப்பினார். ஏன் கொடுத்தீர்கள் என்று நான் சண்டை பிடித்தேன். "பிள்ளையள் ஆடுற மேடை. அதுகள் என்ன பிழை செய்ததுகள்?" என்று கேட்டார். என் கோபம் போகவில்லை. அதன் பிறகு மாரிகளில் சாடிகள் எங்கள் சலவைக்கூடத்தின் பின்புற ஓடையில், அந்த ஒடுக்கமான நடைவழியில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றன. எங்கள் மேலாளர், ஒரு சுவிஸ் பெண்மணி, ஒரு வார்த்தையும் கேட்காமல் அந்த இடத்தைத் தந்தார்.

அக்கா போன பிறகும் அவை அங்கேதான் நின்றன. நான்தான் தண்ணீர் விட்டேன், மூன்று கிழமைக்கு ஒரு கப். அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, முதல் நாள் செயலாளர் வந்தார். மண்டபத்தில் அஞ்சலி நிகழ்வாம், அக்காவின் படத்தைச் சுற்றி அவருடைய பூச்சாடிகளையே வைக்கப் போகிறார்களாம். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கதவுத் திறப்பை நீட்டினேன். "பின்னுக்கு நிக்குது, எடுங்கோ." அவ்வளவுதான் சொன்னேன். அவை நித்திரையில் இருக்கின்றன, இன்னும் தளிர்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் திட்டப்படுகிறவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மண்டபத்தில் அக்காவின் படத்தைச் சுற்றிக் கடையில் வாங்கிய ஓர்க்கிட் பூக்கள் நின்றன. "அக்காவின்ரை சாடியள் எங்கை?" என்று கேட்டேன்.

"எல்லாம் பட்டுப்போச்சு தங்கச்சி. நாள் கிழமையிலை அவவின்ரை படத்துக்குப் பக்கத்திலை பட்ட மரத்தை வைக்கேலுமே? விடியவே பின்னுக்குக் கொன்டெய்னரிலை போட்டாச்சு."

பிறகு மேடையில் ஏறி, தாய் போனதும் அந்தச் செடிகளும் துயரம் தாங்காமல் உயிரை விட்டன என்று பேசினார். சபை கண்ணைத் துடைத்தது. அக்காவின் மகளும் அழுதாள். பத்தொன்பது மாரிகளைத் தாண்டி வந்த உயிர்களைத் தங்கள் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, அதை வைத்து ஒரு சோகக் கதையும் கட்டினார்கள்.

நான் பின்பக்கம் ஓடினேன். தோட்டக் கழிவுக் கொன்டெய்னரை லொறி ஏற்கெனவே வந்து காலியாக்கிவிட்டிருந்தது. எட்டு வெறும் சாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்பதாவது, பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்தது. பாரமான சாடி, அதனால் தப்பியது. நகத்தால் சுரண்டினேன். பச்சை. சேலையோடு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முள் குத்தி முந்தானை கிழிந்தது. ஒருவர் எழுந்து சாடிக்கு இடம் விட்டார்.

அன்று மாலை தர்ஷிகாவிடம் உண்மையைச் சொன்னேன். "அது உங்களட்டையே நிக்கட்டும் அன்ரி" என்றாள்.

போன கிழமை செயலாளர் அழைத்தார். "கட்டுரை முடிஞ்சுதோ தங்கச்சி? அதோடை இன்னொண்டு. அக்காவின்ரை சாடி ஒண்டு உங்களட்டைத் தளிர்த்து நிக்குதாம். ஆண்டுவிழாவுக்கு மேடையிலை வைப்பம், அவவின்ரை ஞாபகமா."

"தாறன் அண்ணை" என்றேன். "நவம்பரிலை அதை எங்கை வைப்பியள் எண்டு முதல் சொல்லுங்கோ."

"கொமிட்டியிலை கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். இதை எழுதி முடிக்கும்வரை அழைப்பு வரவில்லை.

அக்கா, மே நடுவில் வரும் கடைசிக் குளிர் போகும்வரை பொறுத்துத்தான் அதைப் பல்கனிக்கு எடுத்தேன். முதல் கிழமை நிழலில் வைத்தேன், நீங்கள் சொன்னபடியே. இன்று காலை வெயிலுக்கு இழுத்துவிட்டேன். நுனியில் ஊதா நிறம் தெரிகிறது. இந்த மாரிக்கு அது என் கட்டடத்துப் படிக்கட்டில், யன்னலுக்குக் கீழே நிற்கும். எனக்கும் கடிதம் வரும். வரட்டும். நான் "விடுமன்" என்று சொல்லமாட்டேன். போய்வாருங்கள், அக்கா.