பேர் வெட்டின டம்ளர்கள்

செவிலிமேட்டில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்ததும் நான் ஓர் அறிவிப்புச் செய்தேன். இந்த விசேஷத்திலிருந்து குப்பை வண்டிக்கு ஒரு பை கூடப் போகக் கூடாது. குட்டித் தண்ணீர் பாட்டில் கிடையாது. பேப்பர் கப் கிடையாது. தாம்பூலத்துக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் பை கிடையாது, மஞ்சள் துணிப்பைதான்.

"சோறாவது உண்டாம்மா?" என்று கேட்டார் அப்பா.

அப்பா பெயிண்ட் அடிப்பவர். என் பக்கம் இருப்பவர் என்றும் சொல்லலாம், ஏனென்றால் என் உரத் தொட்டிகள் எல்லாம் அவர் கொண்டுவந்த காலி பெயிண்ட் வாளிகள். அவற்றில் ஓட்டை போட்டுக் காய்கறித் தோல், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை எல்லாவற்றையும் மக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கழிவுகளைப் பிரித்து எடை போட்டு எழுதுவது என் பொறுப்பு. ஊரார் குப்பையைக் கணக்கெழுதிவிட்டு வீட்டுக்கு வந்து கறிவேப்பிலைக் காம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட மனம் ஒப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், முதலில் பட்டம் வாங்கியவளும் நான். ஆகவே முதலில் தூக்கு எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனவளும் நானாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். கறிக்கடைக்காரர் தூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கறியைவிட இதுதான் கனம், இதையே வெட்டித் தரட்டுமா என்றார். இரண்டாம் மாதம் அவரே மற்றவர்களிடம், "அந்தப் பொண்ணப் பாரு, பாத்திரம் எடுத்துக்கினு வருது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அம்மா என் ஏற்பாடுகளுக்கு முணுமுணுத்தபடியே இணங்கிக்கொண்டு வந்தாள். ஷாம்பு பாக்கெட்டை நிறுத்தினேன், சரி என்றாள். மாவுக் கடைக்குச் சம்படம் எடுத்துப் போகச் சொன்னேன், போனாள். பால் காய்ச்சும் விசேஷத்திலும் துணிப்பைக்குச் சரி, வாழையிலைக்குச் சரி. பேப்பர் கப்புக்கு மட்டும் மசியவில்லை.

"அது மட்டும் இருக்கட்டும், பாப்பா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

ஏன் என்று கேட்டால் டம்ளர் கழுவ ஆள் இல்லை என்றாள். நான் கழுவுகிறேன் என்றேன். தண்ணீர் பற்றாது என்றாள். போர் போட்டிருக்கிறோமே என்றேன். ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமல் சொன்னாள்:

"அந்தத் தெருவுல எல்லாரும் வருவாங்க. பேப்பர் கப்புல குடுத்தா வாங்கிக் குடிச்சிட்டு தூக்கிப் போட்டுட்டுப் போய்டுவாங்க. நம்ம டம்ளர்ல குடுத்தா யோசிப்பாங்கடி."

அதுவரை நாங்கள் இருந்தது ஓரிக்கைப் பக்கம், காலனியில். அங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள், எல்லாரும் எங்கள் ஆட்கள். புது வீட்டுத் தெருவில் நாங்கள் மட்டும்தான். அம்மா சின்னப் பெண்ணாக நடவுக்குப் போன ஊரில், டீக்கடைக்கு வெளியே ஆணியில் எங்கள் ஆட்களுக்கென்று தனி டம்ளர் மாட்டியிருக்குமாம். குடித்துவிட்டு அவர்களே கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த ஆணிக்கு எட்டாமல் என் அம்மா எம்பிக்கொண்டு நின்றாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேப்பர் கப்பு வந்த அப்பறம்தான் நானு கடைக்குள்ள எல்லாரோடயும் நின்னு டீ குடிச்சேன். உனக்கு அது குப்பையா இருக்குது."

கீரைக் காம்புகளை வாளியில் போட்டுவிட்டு வெகு நேரம் யோசித்தேன். பிறகும் என் முடிவு மாறவில்லை. முன்பு குப்பைக்காக மட்டும் வேண்டாம் என்றேன், இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. என் சம்பளத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், வருகிறவர்கள் யோசிக்காமல் இருப்பதற்காக நாம் எதற்குக் கப் வாங்க வேண்டும்? யோசிக்கிறவர்கள் தாகத்தோடு போகட்டும் என்றேன்.

"நீ பேசுவ. அன்னிக்கி தொங்கப் போற மூஞ்சி யாருது? என்னுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடைக்குப் போனேன். வீட்டிலிருந்த நசுங்கிய அலுமினியக் குண்டான்களையும் ஓட்டைப் பித்தளை அண்டாவையும் போட்டுவிட்டு, ஒரே அளவில், ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்களாக எடுத்தேன். ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்று எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கடைக்கார பாய் பேர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன பேர் என்று கேட்டார். அம்மாவின் பேரைச் சொன்னேன். இனிஷியல் வேண்டாம், பேர் முழுசாக, எல்லா டம்ளரிலும்.

"எல்லாத்துலயுமா? கல்யாணப் பொண்ணாம்மா?"

"இல்ல பாய். எங்கம்மா."

அவர் சிரித்துக்கொண்டே மிஷினைப் போட்டார். கடை முழுக்க டர்ரென்ற சத்தம். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றிருந்ததால் அம்மாவுக்குத் தன் பேர் எழுத்துகள் தெரியும். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

"பேரு வேற போட்டுட்டியா? யாரு வூட்டு டம்ளர்னு சந்தேகமே வராது."

விசேஷத்துக்கு முதல் நாள் அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தேன். அரிசிக்குள் ஒரு பேப்பர் கப் கட்டு புதைந்திருந்தது. அரிசியை அளந்து எடுத்துக்கொண்டு, கட்டை மறுபடி அரிசியாலேயே மூடினேன்.

மறுநாள் காலையில் பால் பொங்கி வழிந்தது. காலனி ஆட்கள் முதல் பந்திக்கு முன்பே கலகலவென்று நிறைந்துவிட்டார்கள். பிறகு தெருக்காரர்கள் வந்தார்கள். எதிர்வீட்டம்மா நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். நல்ல மாம்பழ நிறப் பட்டு உடுத்தி வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல், அண்ணாந்து குடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அப்படியே குடித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நம் ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே அண்ணாந்துதான் குடிக்கிறார்கள். அது பழக்கமா, யோசனையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நேராக அரிசி டிரம்மை நோக்கிப் போனாள்.

அடுப்பில் காய்ச்சின பால் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் கொடுப்பது முறை. ஆறட்டும் என்று விட்டிருந்தோம். நான் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன். தளதளவென்று கொதித்ததும் டம்ளர்களில் ஊற்றித் தட்டில் அடுக்கினேன். கப் கட்டோடு வந்து நின்ற அம்மா தட்டைப் பார்த்தாள், ஆவியைப் பார்த்தாள்.

"இவ்ளோ சூடா குடுத்தா எப்படி அண்ணாந்து..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நீயே குடும்மா" என்று தட்டை அவள் கையில் வைத்தேன்.

எதிர்வீட்டம்மா முந்தானை நுனியால் டம்ளரைப் பிடித்தார். வெட்டியிருந்த பேரைப் படித்துவிட்டு யார் பேர் என்று கேட்டார். என் பேர்தான் என்றாள் அம்மா, ஏதோ தப்புச் செய்தவள் போல. அவர் ஊதினார். இன்னொரு முறை ஊதினார். பிறகு உதட்டை வைத்து உறிஞ்சினார்.

"ஏலக்கா நல்லா போட்டுக்கிறீங்க. சக்கரைதான் பத்தல" என்றார்.

அம்மா சர்க்கரை எடுக்க ஓடினாள். ஒரு குறை சொன்னதற்கு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டம்மா சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். தெருக்கோடி வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தனக்குச் சுகர் என்று சொல்லி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு நிஜமாகவே சுகரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாலை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று எச்சில் இலைகள் மாட்டுக்குப் போயின, மிச்சமெல்லாம் பெயிண்ட் வாளிகளுக்குப் போயிற்று. மறுநாள் காலையில் வந்த குப்பை வண்டிக்கார அக்கா வாசல் தோரணத்தையும் என் வெறும் கையையும் மாறி மாறிப் பார்த்து, விசேஷம் நடந்ததா இல்லையா என்று கேட்டார். அம்மா வாங்கி ஒளித்திருந்த கப்புகளில் நான் தக்காளி விதை போட்டேன். வாங்கினதை வீணாக்க முடியாதே.

சில வாரங்கள் கழித்து எதிர்வீட்டம்மா வந்தார். மகளுக்கு வளைகாப்பு. பேப்பர் கப் காபி சூட்டுக்குத் தாங்காமல் கொழகொழவென்று ஆகிவிடுகிறது என்றவர், "உங்க டம்ளருங்கள கொஞ்சம் குடுக்கிறீங்களா? ஒரே மாதிரி அழகா இருந்துச்சு" என்றார். அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணிப்பையில் அடுக்கிக் கொடுத்தாள். வளைகாப்புக்கு நாங்களும் போனோம். தறி இருந்த அறையை ஒழித்துப் பாய் விரித்திருந்தார்கள். வந்திருந்த உறவுக்காரர்கள் கையில் எல்லாம் அம்மாவின் பேர். அம்மா மூலையில் உட்கார்ந்து, தன் காபி ஆறுவதுகூடத் தெரியாமல், எல்லார் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளர்கள் திரும்பி வந்தபோது ஒன்று குறைந்தது. ஒரு கரண்டி காணவில்லை என்றாலும் நாலு வீடு ஏறிக் கேட்டு வருபவள் அம்மா. நான் போய்க் கேட்கட்டுமா என்றேன்.

"கம்முனு இரு. அது அங்கேயே இருக்கட்டும்."

போன வாரம் கொழுக்கட்டை கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தது அந்த டம்ளரில்தான். உதட்டை வைத்துக் குடித்தேன். அங்கேயே மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.