எங்கே என்று கேட்காத சனிக்கிழமை

சிவனேஸ்வரி குளியல் தொட்டியின் ஓரத்தில் முழங்கால் ஊன்றி, கணவன் போன கிழமை போட்டுக்கொண்டு போன காற்சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தண்ணீரும் பால் மாதிரித்தான் வந்தது. சாதாரணச் சேறென்றால் நேரே மெஷினுக்குள் போட்டுவிடலாம். இது சுண்ணாம்புச் சேறு. ஒருமுறை யோசியாமல் போட்டு மெஷின் அடைத்துக்கொண்டது. திருத்த வந்த பெடியன் குழாய்க்குள்ளிருந்து வெள்ளைக் கட்டிகளாக எடுத்துக் காட்டிவிட்டு, "அன்ரி, வீட்டிலை ஆரும் மேசன் வேலையோ?" என்று கேட்டான்.

"மேசன் இல்லை தம்பி, பஸ் ஓடுறவர். சனிக்கிழமையிலை மலைக்குப் போய் உருளுறவர்" என்றாள் அவள்.

தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'சைக்கிள் யோகர்'. பஸ் டிப்போவில் மட்டும்தான் யோகராஜா. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போவதைக் கண்டவர்கள் வாய் சும்மா இருக்குமா? மரக்கறிக்கடைக் கிறிஸ்துராஜா ஒருநாள் அவளிடமே சொன்னார்: "ஊரிலை சைக்கிள் உழக்கினது காணாதெண்டே லண்டனுக்கு வந்தும் உழக்கிறார் உங்கடை மனுசன்? கார் எடுக்க வழியில்லாத ஆக்கள் எண்டெல்லோ சனம் நினைக்கப்போகுது."

சைக்கிள் உழக்கியது ஊரில் மட்டுமல்ல. டென்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு விடியப்புறம் சைக்கிளில்தான் போனார். அது தட்டையான நாடு. எதிர்க்காற்றுத்தான் அங்கே ஏற்றம். பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு எழும்பி வந்த பிறகு பஸ். இருந்த இருப்பில் வருடங்கள் போயின. இடுப்பு பிடித்துக்கொண்டது. டிப்போவில் ஒருவன் தடித்த ரயர் போட்ட பழைய மலைச் சைக்கிள் ஒன்றை விற்றான். அதை வாங்கி, ஒரு சனிக்கிழமை தெற்கே போகிற ரயிலில் ஏறியவர், பின்னேரம் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வந்து வாசலில் நின்றார்.

"என்னப்பா இது, காலுக்கும் விபூதியோ?" என்றாள் சிவனேஸ்வரி.

அன்றிலிருந்து அவருக்கு வேறு கதை கிடையாது. நகரம் முடிகிற இடத்தில் சுண்ணக்கல் மலைகள் தொடங்குகின்றன. புல்லைச் சற்று உரித்தால் கீழே வெள்ளை. மேட்டில் மரமில்லாத வெட்டை, சரிவில் காடு. எத்தனையோ நூற்றாண்டாக உழுபடாமல் காடாகவே கிடக்கிற நிலம். பீச் என்கிற பெரிய காட்டு மரங்களின் வேர்கள் பாதைக்குக் குறுக்கே மாட்டின் விலா எலும்பு மாதிரி எழும்பி நிற்கும். நனைந்த சுண்ணாம்பு சவர்க்காரம் மாதிரி வழுக்கும். "அதிலை பிரேக்கை இறுக்கிப் பிடிச்சால் வாழைப்பழத் தோல்தான். பிள்ளையின்ரை கன்னத்தைத் தொடுற மாதிரித் தொடவேணும்" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுவார். வசந்தத்தில் மரங்களின் கீழ் நீலப்பூ விரிந்து கிடக்கிற கிழமைகளில், யாராவது குறுக்குவழி போட்டுப் பூவை மிதித்திருந்தால், விழுந்த கொப்பொன்றை இழுத்து வழியை மறித்துவிட்டுத்தான் வருவார். பஸ்காரனின் குணம் அங்கேயும் போகவில்லை.

சிவனேஸ்வரி ஒரேயொருமுறை கூடப் போனாள். பிளாஸ்கில் தேத்தண்ணியும் பெட்டியில் றோல்ஸும் கொண்டுபோய் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தாள். மரங்களுக்கிடையே மேலிருந்து ஒரு மனிதன் விழுகிற மாதிரி வந்தான். அது தன் மனிதன் என்று கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போகவில்லை.

இன்று காலை அவர் ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்றார். அவள் "ஓம், கவனம்" என்றாள். அதோடு சரி. எந்த மலை, எந்தப் பாதை என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்டால் போன காரியம் சறுக்கும் என்பது அவளுடைய தாய்வீட்டுச் சட்டம். புகுந்த வீட்டிலும் அதே சட்டம்தான். டென்மார்க்கில் ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அவர் வாசலிலிருந்து திரும்பி வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வெளிக்கிட்டார். வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினார். "பாத்தீரே, கேட்டதாலை வந்தது" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை.

ஆனால் இன்று கேட்க நினைத்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள் அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். கத்தி நின்றது. அவள் கூப்பிட்டாள்; அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். கேத்திலில் தண்ணீர் கொதித்து, அது தானாக அணைந்தபிறகுதான் தலை திரும்பியது. "என்ன?" என்றார், ஒன்றும் நடவாதவர் மாதிரி.

"டொக்டரிட்டைப் போவம்."

"யோசிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கு டொக்டரே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன் ஒரு வரி எழுதினால் லைசென்ஸ் போச்சு. பிறகு நான் என்ன, கிறிஸ்துராஜாவின்ரை கடையிலை முருங்கைக்காய் கட்டுறதோ?"

அவள் கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தைத் தானே வெட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு வீதியில் சிவப்பு பஸ் ஒன்று போனாலும், சாரதியின் முகத்தைப் பார்க்காமல், பின்னால் இருக்கிற சனத்தைத்தான் பார்த்தாள்.

குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததிலிருந்து நாலரைக்கே இருட்டிவிடுகிறது. உடுப்பைக் காயப்போட்டு, சோறும் ஆக்கி இறக்கியபோது தெருவிளக்கு எரிந்தது. இந்த நேரத்துக்கு அவர் வந்து குளித்தும் முடித்திருப்பார். அவருடைய போன் மணியடிக்காமலே குரல்பெட்டிக்குப் போனது. வழமையாகக் கூடப்போகிற நிஷாந்தனுக்கு அடித்தாள்.

"சொல்லுங்கோ அக்கா."

"தம்பி, இன்னும் இறங்கேல்லையே? இருண்டு போச்சு."

அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒன்றாக ஏதோ பாடுவது கேட்டது.

"நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை நிக்கிறன் அக்கா. மகனுக்குப் பேச்சுப்போட்டி. வரேலாதெண்டு யோகண்ணைக்கு அப்பவே சொல்லிப்போட்டன்." பாட்டுச் சத்தம் தள்ளிப்போனது; அவன் வெளியே வந்திருக்கவேண்டும். "அண்ணை தனியவோ போனவர்?"

சிவனேஸ்வரி யன்னலைத் திறந்து இருட்டைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் எண்டு சொன்னவரோ அக்கா?"

"நான் கேக்கேல்லை."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"வெளிக்கிடுற மனுசனை எங்கை எண்டு கேக்கிறதே, தம்பி?"

அவனும் அதே ஊர்க்காரன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. "டோர்க்கிங் பக்கமாயும் இருக்கலாம், ரைகேற்றுக்கு மேலையும் இருக்கலாம். சிலவேளை கென்ற் பக்கமும் போறவர். காட்டுக்குள்ளை சிக்னல் இல்லை, பயப்படாதையுங்கோ. நான் காரை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போய்ப் பாக்கிறன்." பயப்படாதையுங்கோ என்று சொன்ன குரலில்தான் பயம் இருந்தது.

சத்தம் கேட்டு மகள் தக்ஷிகா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். தகப்பனைப் போலவே பேச்சில் பிரேக் குறைவு.

"கேக்கேல்லை எண்டா என்னம்மா அர்த்தம்? ஹூ டஸ் தட்? லொக்கேஷன் போட்டு விடச்சொல்லி அப்பாட்டை எத்தினை தரம் சொன்னனான்."

"போட்டவர். பற்றறி இறங்குது எண்டு பிறகு நிப்பாட்டிப்போட்டார்."

"சோ ஒருத்தருக்கும் தெரியாது. முழு மலைக்கும் ஆள் அனுப்புங்கோ எண்டு பொலிசுக்குச் சொல்லட்டே?"

அவளே பொலிசுக்கு அடித்து, போனை மேசையில் ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு பெண் மரியாதையாக, அவசரமில்லாமல் கேட்டாள். எங்கே போனார்? தெரியாது. எந்த ஸ்ரேஷனில் இறங்குவார்? தெரியாது. என்ன நிற ஜக்கெற்? அது சிவனேஸ்வரிக்குத் தெரியும். மஞ்சள், வலது முழங்கையில் தான் வைத்துத் தைத்த ஒட்டு. அவருக்கு ஏதாவது வருத்தம் உண்டா, மயக்கம், வலிப்பு, அப்படி ஏதும்?

"நோ" என்றாள் தக்ஷிகா. அவளுக்கு வெங்காயம் வெட்டின நாள் தெரியாது.

சிவனேஸ்வரி வாயைத் திறந்தாள். மேசையில் போனின் திரை வெளிச்சமாக இருந்தது. சொன்னால் அந்தப் பெண் எழுதிக்கொள்வாள். எழுதினது எழுதினதுதான். சொல்லாவிட்டால், எங்கோ ஒரு வேரடியில் கிடக்கிற மனிதனை, காலில் அடிபட்டவனைத் தேடுகிற மாதிரி ஆறுதலாகத் தேடுவார்கள். அதற்குள் அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

தக்ஷிகா போனை வைத்தாள். சிவனேஸ்வரி தட்டுகளை எடுத்து வைத்தாள், மறுபடி எடுத்து உள்ளே வைத்தாள். நிஷாந்தன் ஒருதரம் அடித்தான். மலையடித் தரிப்பிடம் ஒன்றில் ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை என்றான். இது நல்ல செய்தியா கூடாத செய்தியா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கதவடியில் சைக்கிள் சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது.

யோகராஜா உள்ளே வந்தார். "ரயர் வெட்டிப்போட்டுது. சுண்ணாம்புக்குள்ளை கிடக்கிற அந்தத் தீக்கல் இருக்கெல்லோ, பிளேட் மாதிரி. ஸ்ரேஷன்மட்டும் உருட்டிக்கொண்டு வந்தனான்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. தக்ஷிகா அவரைக் கட்டிப்பிடித்து, உடனே விட்டு, ஏசத் தொடங்கினாள். பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

சிவனேஸ்வரி அவரை மேலே படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினாள். இடது தாடையில் தோல் உரிந்திருந்தது. டெற்றோல் போத்தலும் பஞ்சும் எடுத்துவந்து விளக்குக்குக் கீழே பார்த்தாள்.

அவர் எப்படி விழுகிறவர் என்று அவளுக்குத் தெரியும். அவர் விழுந்ததை ஒருநாளும் கண்டதில்லை, உடுப்புத் தோய்த்துத் தெரிந்துகொண்டவள். விழுகிறவன் கையை ஊன்றுவான். கையுறையின் உள்ளங்கையிலும் முழங்காலிலும்தான் வெள்ளை இருக்கும். இன்று கையுறை இரண்டும் சுத்தம். முழங்கால் சுத்தம். இடப்பக்கம் மட்டும், காதிலிருந்து கணுக்கால்வரை, சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. காது மடலுக்குள்ளும் இருந்தது. கன்னத்தில் ஒரு பீச் இலையின் நரம்பு பதிந்திருந்தது.

"கனநேரம் கிடந்தியளோ?" என்றாள்.

அவர் பஞ்சைப் பார்த்தார். "எரியுது, மெல்ல."

"கையை ஊண்டேல்லை நீங்கள்."

கீழே தக்ஷிகா இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம், வந்துவிட்டார். ஓம், நன்றாக இருக்கிறார்.

"ஏத்தத்திலை வந்தனான், அது நினைவிருக்கு" என்றார் யோகராஜா. "பிறகு பாத்தால் ஒரு நாய் முகத்தை நக்குது. நாய்க்காரி அம்புலன்ஸ் கூப்பிடப் போறன் எண்டவள். நான் விடேல்லை." அவர் சிரிக்கப் பார்த்தார். "நல்ல நாய்."

அவள் காதுக்குள் இருந்த வெள்ளையைத் துடைத்தாள். அது லேசில் போகவில்லை.

"இஞ்சை பாரும்," என்றார் அவர். "பிள்ளைக்குச் சொல்லாதையும். நிஷாந்தனுக்கும். நாளைக்கு விடிய ஷிப்ட் இருக்கு, நான் போகாட்டில் ஏன் எண்டு கேப்பாங்கள். இனித் தனிய மலைக்குப் போகமாட்டன், சரியே? பஸ்ஸிலை ஒருநாளும் இப்பிடி வந்ததில்லை." அவள் கையைப் பிடித்தார். "சொல்லமாட்டீர்தானே?"

சிவனேஸ்வரி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். டெற்றோல் போத்தலை மூடி, பஞ்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கீழே மகள் இன்னும் பொலிசோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அறைக்கு வெளியே வந்து, கதவைச் சாத்தாமல், அந்தப் போனை நோக்கிப் படியில் இறங்கினாள்.