உதட்டை மட்டும் அசைத்தவள்

ஏரிக்கரை வீடு எதிலாவது யாராவது மரம் அறுக்கும் மெஷினோடு நிற்பதைக் கண்டால், மார்லிஸ் தன் பனி தள்ளும் லாரியை நடுச்சாலையிலேயே நிறுத்திவிடுவாள். கண்ணாடியை இறக்கி, "சார், அது சாகல! குளிருக்கு இலைய உதுத்திருக்கு, அவ்வளவுதான். மே மாசம் வரைக்கும் பொறுங்க!" என்பாள். எங்கள் ஊர் ஊசியிலை மரங்களில் இலை உதிர்ப்பது டாமராக் மட்டும்தான். நகரத்திலிருந்து வந்து வீடு வாங்குகிறவர்கள் பட்டுப்போனது என்று வெட்டித் தள்ளிவிடுவார்கள். அவள் பேசி முடிக்கும்வரை பின்னால் கார்கள் காத்திருக்கும். ஹாரன் அடிப்பது வடக்கு மினசோட்டாவில் வழக்கமில்லை.

இப்படிச் சத்தம் போடுகிற மார்லிஸ் எனக்குப் புதிசு. முப்பது வருடம் சர்ச் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நின்றவள் நான். ஈரக் கம்பளிக் கோட்டு வாடை, கீழ்த்தளத்திலிருந்து ஏறிவரும் காப்பி மணம், எங்கள் இருவருக்கும் ஒரே பாட்டுப் புத்தகம். அவள் வாய் அழகாக அசையும். எனக்குக் கேட்பது மூச்சு மட்டும். அவளுக்குப் பதினைந்து வயதானபோது அவள் அக்கா வெர்னா பியானோவை நிறுத்திவிட்டு, "உனக்கு ஆம்பளக் குரல்டி. உதட்ட மட்டும் அசை" என்று சொன்னாள். வெர்னாதான் இன்றைக்கும் குழுத் தலைவி. எல்லாம் தெரிந்தும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஞாயிறுகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவன் டாமராக்கை வெட்டுவதைப் பார்த்தும் மார்லிஸ் பேசாமல் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாளாம். வசந்தத்தில் அந்த அடிக்கட்டையில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. "என்னயே வெட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். அந்த வாரமே பழைய கித்தார் ஒன்று வாங்கினாள். லாரிக்குள்ளேயே பாட்டுக் கட்டினாள்:

"செத்துப்போனேன்னு சொல்லாதே,
பனிக்குள்ள நிக்கிற மரம் நான்."

கித்தாரில் அவளுக்குத் தெரிந்தது 'கார்டு' என்கிற விரல்பிடி மூன்றே மூன்று. கேட்டால், "பனியில மூணு கியர்லதான் ஓட்டுறேன், போதும்" என்பாள்.

போன டிசம்பரில் சர்ச் மீன் விருந்தில் அதைப் பாடப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

"என் சர்ச்சுல கித்தாரா? நீ ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றாள் வெர்னா.

"போனா போக்கா. ஒரு தடவ கேட்டுட்டுப் போ."

வாய்தான் அப்படிச் சொன்னது. விருந்தன்று அவள் தட்டைத் தொடவே இல்லை. அக்கா எழுந்து போய்விட்டால் மார்லிஸ் இனி எங்கேயும் பாடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, வாசலோரம் உட்கார்ந்திருந்தாள் வெர்னா. மார்லிஸ் தொடங்கினாள். ஏரியில் பனிக்கட்டி விரியும்போது அடியிலிருந்து ஒரு முழக்கம் வருமே, அப்படி ஒரு கீழ்க்குரல். உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு போய்க்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டாம் சரணத்தில் குரல் நடுங்கி, ஒரு வரி தவறிப்போனது. வெர்னா எழுந்தாள்.

பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

மார்லிஸ் புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பாட்டை முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.